திரைக்குப் பின்னால் ஒலித்த குரல்: ரஷீத் ஜஹானின் வைத்தியமும் எழுத்தும்

இந்திய முற்போக்கு எழுத்தாளர் இயக்கத்தின் வரலாற்றை எழுதுவோர் ரஷீத் ஜஹானின் பெயரைக் கூறாது விடுவதில்லை. ஆயின் பெயரைக் கூறிய மாத்திரத்தே அவரைக் கடந்து சென்றுவிடுகின்றனர். 'அங்காரே' தொகுப்பின் ஒரே பெண் எழுத்தாளர்; பைஸ் அஹ்மத் பைஸைப் பொதுவுடைமையின் பக்கம் திருப்பியவர்; இஸ்மத் சுக்தாயின் ஆதர்சம்; ஏழைகளுக்கு இலவச வைத்தியம் செய்தவர். இவை யாவும் உண்மையே. எனினும் இவற்றைத் தொகுத்து நோக்கின், பிறர் எழுதுவதற்குக் காரணமாயிருந்த ஒருவரின் சித்திரமே எமக்குக் கிடைக்கின்றது. எழுதிய ஒருவரின் சித்திரம் கிடைப்பதில்லை. அவருடைய ஆளுமை பெரிது, எழுத்துச் சிறிது என்பது உருது விமர்சனத்தில் ஏறத்தாழ முடிந்த முடிபாகவே வழங்கி வந்துள்ளது. அவர்பால் மிகுந்த அன்புடையோரும் இதனை மறுத்துரைக்கவில்லை. இம்முடிபு மறுபரிசீலனைக்குரியது என்பதே எமது கருத்து.

நாம் உருது மொழி அறியோம். ஆங்கில மொழிபெயர்ப்புக்கள் வாயிலாகவே இவ்வெழுத்துக்களை அணுகுகின்றோம். இதனால் நேரும் இழப்பு எத்தகையது என்பதைப் பின்னர் குறிப்பிடுவோம்.

ரஷீத் ஜஹான் 1905ஆம் ஆண்டு அலிகாரிற் பிறந்தவர். தந்தையார் ஷெய்க் அப்துல்லா, முஸ்லிம் பெண்களின் கல்விக்கெனத் தம் வாழ்வை ஒப்புவித்தவர். 1904இல் 'காதூன்' என்னும் உருதுச் சஞ்சிகையை அவர் தொடங்கினார். 1906இல் அலிகாரிற் பெண்களுக்கான பாடசாலையொன்றைத் தம் மனைவியாரின் துணையுடன் நிறுவினார். எனவே ரஷீத் ஜஹானுக்குப் பெண்கல்வி என்பது போராடிப் பெற்ற ஒன்றன்று. வீட்டிற் கிடைத்த முதுசொம். இதனைக் குறிப்பிடுவதற்குக் காரணமுண்டு. சீர்திருத்தவாதிகளின் தலைமுறை, நல்ல தாயாகவும் நல்ல மனைவியாகவும் பெண்ணை ஆக்குதற்பொருட்டே கல்வியை வேண்டிற்று. அக்கல்வியைப் பெற்ற மகளோ, தாய்மை என்பதும் மனைவி நிலை என்பதும் பெண்ணுடலில் என்ன செய்கின்றன என்று வினவத் தலைப்பட்டார். தந்தையாரின் உழைப்பின்றி அவ்வினா எழுந்திராது. ஆயின் அவ்வினாவுக்கு அத்தலைமுறையிடம் விடை இருக்கவில்லை.

லக்னோவின் இசபெல்லா தோபர்ன் கல்லூரியிற் பயின்றபின், 1924இல் டில்லி லேடி ஹார்டிஞ் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, 1929இல் வைத்தியராக வெளியேறினார். பெண் நோயியலே அவர் துறையாயிற்று. ஐக்கிய மாகாணங்களின் அரசாங்க வைத்திய சேவையிற் சேர்ந்து சிறுநகரங்கள் சிலவற்றிலும், பின்னர் லக்னோவிலும் கடமையாற்றினார்.

இங்குச் சற்றே நின்று நோக்குதல் வேண்டும். 1916இல் திறக்கப்பட்ட லேடி ஹார்டிஞ் கல்லூரி, பெண்களுக்கு மாத்திரமே உரிய மருத்துவக் கல்லூரி. அதற்கு முன்னரே 1885இல் டபரின் சீமாட்டியின் பெயரால் நிதியமொன்று ஏற்படுத்தப்பட்டு, பெண் வைத்தியர்களும் பெண்களுக்கான வைத்தியசாலைகளும் வட இந்திய நகரங்களிற் பெருகத் தொடங்கியிருந்தன. இம்முயற்சிகள் அனைத்துக்கும் கூறப்பட்ட நியாயம் ஒன்றே: பர்தா முறையின்கீழ் வாழும் பெண்கள் ஆண் வைத்தியரிடம் தம்மைக் காட்டார், ஆகவே பெண் வைத்தியர் வேண்டும். அதாவது, திரையை அகற்றுவதற்கன்றித் திரை இருக்கத்தக்கதாகவே சிகிச்சை அளிப்பதற்கு இத்தொழில் உருவாக்கப்பட்டது. ஆயின் அதன் விளைவு வேறொன்றாயிற்று. அந்தப்புரத்தினுள் புறவுலகத்தவர் ஒருவர் நுழைந்து, உள்ளிருப்போரை நோக்கி, "உமக்கு வயது என்ன? எத்தனை பிள்ளைகள்? வலி எப்போது தொடங்கியது?" என்று கேட்கும் உரிமை முதன்முறையாக ஏற்பட்டது. கேட்டால் விடை வரும். விடையைக் கேட்டவர் எழுதவும் வல்லவராயிருந்தால் என்ன நிகழும் என்பதைக் கல்லூரியைத் தோற்றுவித்தோர் எண்ணிப் பார்த்திரார்.

1932ஆம் ஆண்டு டிசம்பரில் லக்னோவில் 'அங்காரே' வெளிவந்தது. தணல்கள் என்பது அச்சொல்லின் பொருள். ஸஜ்ஜாத் ஸஹீர், அஹ்மத் அலி, மஹ்மூதுஸ்ஸபர், ரஷீத் ஜஹான் ஆகிய நால்வரின் ஆக்கங்கள் அதில் இடம்பெற்றன. ஸஜ்ஜாத் ஸஹீரின் கதைகள் ஐந்து; ரஷீத் ஜஹானுடையன ஒரு சிறுகதையும் ஓரங்க நாடகமொன்றும் மாத்திரமே. நூல் வெளிவந்த சில வாரங்களில் பள்ளிவாசல்களிலும் பத்திரிகைகளிலும் கண்டனங்கள் எழுந்தன. 1933 மார்ச் 15ஆம் திகதி ஐக்கிய மாகாண அரசாங்கம், சமய உணர்வுகளைப் புண்படுத்துதல் தொடர்பான இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295அ பிரிவின்கீழ் அதனைத் தடைசெய்து, கிடைத்த பிரதிகளைப் பறிமுதல் செய்து அழித்தது. எஞ்சிய பிரதிகள் விரல்விட்டு எண்ணத்தக்கனவே.

சமயத்தை நேராகத் தாக்கியவை பெரும்பாலும் ஸஜ்ஜாத் ஸஹீரின் கதைகளே. ரஷீத் ஜஹானின் இரு ஆக்கங்களில் இறைநிந்தை என்று சுட்டத்தக்கது அரிது. அவ்வாறிருந்தும் அவர்மீது பாய்ந்த வெறுப்புத் தனித்தன்மை வாய்ந்தது. 'அங்காரேவாலி' என்று அவரைத் தூற்றினர். மூக்கை அரிவோம் என்றும் முகத்தில் அமிலம் வீசுவோம் என்றும் அச்சுறுத்தல்கள் வந்தன. ஆண் எழுத்தாளர் மூவருக்கும் மறுமையில் நரகம் என்று கூறியவர்கள், இப்பெண்ணுக்கு மாத்திரம் இம்மையிலேயே அவருடைய முகத்தைத் தண்டிக்க விழைந்தனர். குற்றம் சமய நிந்தையன்று, ஒரு பெண் பேசியமையே என்பதை எதிரிகள் விமர்சகர்களிலும் பார்க்கத் தெளிவாக உணர்ந்திருந்தனர் போலும்.

அவர் பேசியது என்ன? சிறுகதையின் தலைப்பு 'டில்லி உலா'. சில பக்கங்களே கொண்டது. பரீதாபாத்தைச் சேர்ந்த மல்கா பேகம் என்பவள் கணவனுடன் புகையிரதத்தில் டில்லிக்குச் சென்று வந்த கதையைத் தன்னைச் சூழ்ந்திருக்கும் பெண்களுக்குக் கூறுகிறாள். கேட்போர் ஆவலே உருவாய் அமர்ந்திருக்கின்றனர். டில்லி நிலையத்தில் இறங்கியதும் கணவன், தனக்கு அறிமுகமான நிலைய அதிபர் ஒருவரைக் கண்டு, மனைவியைப் பொதிகளோடு பொதியாக விட்டுச் செல்கிறான். புர்கா அணிந்து மூட்டைகளின்மேல் அமர்ந்திருக்கும் அவளை வருவோர் போவோரெல்லாம் நோக்குகின்றனர். பசி வாட்டுகிறது. நெடுநேரங் கழித்து, உண்டு களித்துத் திரும்பும் கணவன், வேண்டுமானால் பூரி வாங்கித் தரவா என்று வினவுகிறான். வீட்டுக்கே அழைத்துச் செல்லுமாறு அவள் வற்புறுத்துகிறாள். டில்லியைக் காணாமலே டில்லி உலா முடிவுறுகிறது.

கதையில் ஒப்பாரி இல்லை, கண்டனம் இல்லை. மல்கா பேகம் நகைச்சுவையாகவே அனைத்தையும் சொல்கிறாள். அவளுக்குத் தன் நிலை குறித்த கோட்பாடு எதுவும் இல்லை. எரிச்சல் மட்டும் உண்டு. அந்த எரிச்சலை ஆசிரியர் எவ்விடத்தும் பெரிதாக்கவோ விளக்கவோ முற்படவில்லை. இதனைக் 'கதையம்சம் குறைந்தது' என்று ஒதுக்குவோர், கதையின் நிகழ்ச்சி புகையிரத நிலையத்தில் நிகழ்ந்ததன்று, அதனை அவள் ஏனைய பெண்களிடம் சொல்லுதலே நிகழ்ச்சி என்பதைக் காணத் தவறுகின்றனர்.

'திரைக்குப் பின்னால்' என்னும் நாடகம் இம்முறையை மேலும் முன்னெடுத்துச் செல்கிறது. மேடையில் நிகழ்வது ஏதுமில்லை. முஹம்மதி பேகம், ஆஃப்தாப் பேகம் என்னும் இரு பெண்கள் அமர்ந்து உரையாடுகின்றனர். முஹம்மதி பேகத்துக்கு வயது முப்பத்திரண்டு, தோற்றமோ முதுமை. ஆண்டுக்கொரு பிரசவம். பிள்ளைக்குப் பாலூட்டச் செவிலித் தாய் அமர்த்தப்படுகிறாள்; தாய்க்கு ஓய்வளிப்பதற்கன்று, கணவனுக்கு அவள் தடையின்றிக் கிடைத்தற்காக. ஓயாத பிரசவங்களால் தளர்ந்த உறுப்புக்களைக் கணவனின் இன்பத்தின்பொருட்டுச் சத்திரசிகிச்சை செய்து சீர்ப்படுத்திக்கொள்கிறாள். அவன் இன்னொருத்தியை மணந்துகொள்வான் என்னும் அச்சம் தலைக்குமேல் எப்போதும் தொங்குகிறது. பெண் வைத்தியர் ஒருவர் தன்னைப் பரிசோதித்து வயது கேட்டதையும், தான் கூறிய வயதை அவர் நம்பாதவர்போல் முறுவலித்ததையும் அவள் தோழியிடம் எடுத்துரைக்கிறாள்.

இம்முறுவல் எம் கவனத்துக்குரியது. ரஷீத் ஜஹான் தம் தொழிலைச் சேர்ந்த ஒருவரை நாடகத்தினுள் கொண்டு வருகிறார்; ஆயின் மேடைக்குக் கொண்டு வரவில்லை. வைத்தியரின் பார்வையில் நோயாளியைக் காட்டுவதற்கு மாறாக, நோயாளியின் வாய்மொழியில் வைத்தியரைக் காட்டுகிறார். அங்கு வைத்தியர் அனைத்தும் அறிந்த மீட்பராக இல்லை. வயதைக் கேட்டு ஐயுறும் அந்நியராகவே நிற்கிறார். பரிசோதனை மேசைக்கு மறுபுறம் சென்று, தன்னைத்தான் நோக்கும் இத்துணிவு, வைத்தியர்கள் எழுதிய இலக்கியத்தில் எளிதாகக் காணக்கூடியதன்று. நோயாளியின் வரலாற்றைக் கேட்டறிவது வைத்தியத்தின் முதற்படி. கேள்வியைச் சுருக்கி, குறுக்கிடாது, நோயாளி தன் சொல்லிலேயே முறையிட விடுதல் நல்ல வைத்தியரின் பண்பு. ரஷீத் ஜஹானின் ஆக்கங்களின் உருவம் இதுவே. அவருக்கு வைத்தியம் கதைக்கருவை வழங்கிற்று என்று கூறுவோர் பாதியையே கூறுகின்றனர். அது கதையின் அமைப்பையே வழங்கிற்று.

இவ்விடத்திலேதான் மொழி பற்றிய குறிப்பும் இன்றியமையாததாகிறது. டில்லி, லக்னோ அந்தப்புரங்களிற் பெண்கள் தமக்குள் பேசிய உருது, ஆண்களின் இலக்கிய உருதினின்றும் வேறுபட்டது. 'பேகமாத்தி ஸபான்' எனப் பெயர் பெற்றது. பழமொழியும் சாபமும் கேலியும் செறிந்த அம்மொழியில் ரஷீத் ஜஹானின் பாத்திரங்கள் பேசுகின்றன என்று உருது அறிந்தோர் ஒருமித்துக் கூறுவர். ஆங்கிலத்தில் அது மறைந்துபோகின்றது. முஹம்மதி பேகம் பேராசிரியை போலப் பேசுகிறாள். பேச்சு வழக்கைக் கையாண்டமைக்காக எம் நாட்டு எழுத்தாளர்கள் 'இழிசனர் வழக்கு' என்னும் வசையை 1960களிற் கேட்க நேர்ந்ததை அறிந்த எமக்கு, ஒரு மொழிவழக்கை ஏட்டிலேற்றுவது எத்துணைப் பெரிய இலக்கியச் செயல் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆயின் உருது விமர்சனம் இதற்கான பெருமையை இஸ்மத் சுக்தாய்க்கே பெரும்பாலும் வழங்கிற்று. சுக்தாய் பெருங்கலைஞர், ஐயமில்லை. அலிகாரிற் பயின்ற அவர், ரஷீத் ஜஹானைப் பார்த்தே தாம் அஞ்சாது பேசக் கற்றதாகத் திரும்பத் திரும்ப எழுதியுள்ளார். சீடர் செலுத்திய நன்றியை விமர்சகர்கள் ஆசிரியரின் ஆளுமைக்குச் செலுத்தப்பட்டதாக மட்டுமே கொண்டனர். அது எழுத்துக்கும் உரியது.

'அங்காரே'க்குப் பின்னரான இருபது ஆண்டுகளை விரைந்து கூறிவிடலாம். 1933 ஏப்பிரலில் மஹ்மூதுஸ்ஸபர், நூலுக்காக மன்னிப்புக் கோர மறுத்தும் முற்போக்கு எழுத்தாளர்களின் அமைப்பொன்று வேண்டுமென்றும் அறிக்கை வெளியிட்டார். 1934இல் அவரும் ரஷீத் ஜஹானும் மணம் புரிந்தனர். கணவர் அமிர்தசரஸ் கல்லூரியொன்றின் உப அதிபரானபோது, அங்கு இளம் விரிவுரையாளராயிருந்த பைஸுக்கு மார்க்ஸ் எழுதிய கட்சி அறிக்கையை வாசிக்கக் கொடுத்தவர் ரஷீத் ஜஹான். 1936 ஏப்பிரலில், பிரேம்சந்தின் தலைமையில், லக்னோவிற் கூடிய முதல் மாநாட்டின் ஏற்பாடுகளில் அவர் ஓடியாடி உழைத்தார். 1954இல் உருவான இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் பெயரளவிலும் நோக்களவிலும் கடன்பட்டிருப்பது இம்மாநாட்டுக்கேயாகும். 1937இல் அவருடைய 'ஔரத்' என்னும் தொகுதி வெளிவந்தது. வாழ்நாளில் வெளிவந்த அவரது தனித் தொகுதி அது ஒன்றே. பொதுவுடைமைக் கட்சியின் பணி, வைத்தியம், வானொலிக்கும் மேடைக்குமான நாடகங்கள் என நாட்கள் சென்றன. வைத்தியத்தாற் கிடைத்த ஊதியத்தின் பெரும்பகுதி கட்சிக்குச் சென்றது. 1949இற் புகையிரதத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை ஒட்டிக் கைதாகி, உடல் நலங்குன்றிய நிலையிலும் சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். கருப்பைப் புற்றுநோய் கண்டு, சிகிச்சைக்கென மொஸ்கோ கொண்டு செல்லப்பட்டு, 1952 ஜூலை 29இல் அங்கேயே காலமானார். வயது நாற்பத்தாறு. அவருடைய கல்லறையில் கம்யூனிஸ்ட், வைத்தியர், எழுத்தாளர் என்னும் வரிசையிலேயே அவர் குறிக்கப்பட்டுள்ளார்.

அவ்வரிசையை அவரே ஏற்றிருப்பார் என்பதை மறுப்பதற்கில்லை. எழுத்தை அவர் மூன்றாவதாகவே வைத்தார். கதைகள் இரவில், இடையில், அவசரத்தில் எழுதப்பட்டன. சில திருத்தப்படாதன என்பது வெளிப்படை. முற்போக்கு விமர்சனம் இதனை அர்ப்பணிப்பாகப் போற்றிற்று. நாம் அத்துணை எளிதாகப் போற்ற இயலாதவராயுள்ளோம். அவ்வியக்கத்தின் ஆண் எழுத்தாளர் பலருக்குக் கட்சிப் பணியும் கவிதையும் ஒன்றாகவே கருதப்பட்டன. கவிதை எழுதியமையே அவர்தம் பணியாயிற்று. ரஷீத் ஜஹானிடமோ, நிதி திரட்டவும், தோழர்களுக்கு மருந்து கொடுக்கவும், விருந்தோம்பவும், சிறை செல்லவும் எதிர்பார்த்த இயக்கம், கதை எழுத எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. 'வோ' முதலிய கதைகள் நூலுருவில் மீண்டும் ஒன்றுசேர்க்கப்பட்டது 1977இல், அதாவது அவர் இறந்து இருபத்தைந்து ஆண்டுகளின் பின்னர் ஆகும்.

குறைகளை மறைத்தல் எமது நோக்கமன்று. 'இஃப்தாரி' என்னும் கதையில், நோன்பு துறக்கும் வேளையில் வீதியிற் பசித்து நிற்கும் முதிய பிச்சைக்காரன் ஒருவனின் காட்சி நெஞ்சை உலுக்குவது. ஆயின் மேன்மாடத்தில் நிற்கும் தாய் ஒருத்தி தன் சிறு மகனுக்கு, நரகம் எங்குள்ளது என்பதை அவ்வீதியைச் சுட்டியே விளக்கத் தொடங்கியதும், கதை கட்டுரையாகிவிடுகிறது. வாசகன் கண்டதை ஆசிரியர் அவனுக்கு மீண்டும் சொல்கிறார். கேட்பதை விடுத்துப் போதிக்கத் தலைப்படும் இடங்களிலெல்லாம் ரஷீத் ஜஹான் தளர்வுறுகிறார். நோயாளியை இடைமறித்து வைத்தியர் பேசுதற்கு இது ஒப்பாகும்.

மாறாக, 'ஆஸிப் ஜஹானின் மருமகள்' என்னும் கதையில் அவர் வாய் திறப்பதே இல்லை. அந்தப்புரமொன்றிற் பிரசவம் நிகழ்கிறது. பெண்கள் கூட்டமாய்ச் சூழ்ந்திருக்கின்றனர். பெண் வைத்தியரை அழைப்பது பற்றிய பேச்செழுந்து, மூத்தோரின் ஏளனத்தில் அமிழ்ந்து போகிறது. மருத்துவிச்சி தன் கைகளால், தன் முறைகளால், தன் வேலையைச் செய்கிறாள். ஆஸிப் ஜஹானின் வேண்டுதல், பிறப்பது பெண்ணாயிருத்தல் வேண்டுமென்பது. தன் மகனுக்கு அவளைக் கொள்ள வேண்டுமென்பது. பெண்ணே பிறக்கிறது. எல்லோரும் மகிழ்கின்றனர். பிரசவ அறையின் அழுக்கை நுண்மையாக அறிந்த ஒருவரே இதனை எழுதியிருக்க முடியும். அவ்வழுக்கைக் காட்டி எவரையும் கடிந்துரைக்காதிருந்தமை அதனினும் அரிது. பிறந்த கணத்திலேயே அக்குழந்தைக்கு வழங்கப்படும் பெயர் மருமகள் என்பதாகும். கதையின் தலைப்பும் அதுவே.

இறுதியாக 'வோ'. உருது மொழியில் இச்சொல் அவன், அவள், அது யாவற்றுக்கும் பொது. கதைசொல்லி ஒரு பாடசாலை ஆசிரியை. வைத்தியசாலையில் ஒருத்தியைக் காண்கிறாள். பால்வினை நோயால் மூக்கு அழிந்து, அவ்விடத்தில் இரு துவாரங்களே எஞ்சியுள்ளன. ஒரு கண்ணும் இல்லை. ஏனைய பெண்கள் விலகி ஒதுங்குகின்றனர். வைத்தியருக்கும் அருவருப்பு. ஆசிரியை மட்டும் எவ்வாறோ தன்னை அடக்கிக்கொண்டு அவளை நோக்கிப் புன்னகைக்கிறாள். அப்புன்னகையைப் பற்றிக்கொண்டு அவள் பாடசாலைக்கு வரத் தொடங்குகிறாள். மலர் கொண்டு வருகிறாள், கதிரையில் அமர்ந்து ஆசிரியையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், போய்விடுகிறாள். அவள் அமர்ந்த கதிரையிற் பின்னர் அமர ஆசிரியைக்கு மனம் ஒப்பவில்லை. சக ஆசிரியைகளின் கேலி வளர்கிறது. ஒரு நாள் அவள் மூக்கைச் சுவரில் துடைத்துவிட, பாடசாலைப் பணிப்பெண் அவளைத் தாக்கி இழிவுபடுத்துகிறாள்.

முன்னர் கண்ட ஆக்கங்களில் பெண்கள் பேசினர், கேட்போர் இருந்தனர். இங்கோ அவள் தன் வரலாற்றைச் சொல்லவேயில்லை. ஆசிரியை கேட்கவுமில்லை. யார் நீ, எங்கிருந்து வருகிறாய், உனக்கு இது எவ்வாறு நேர்ந்தது என்னும் மிகச் சாதாரணமான, எந்த வைத்தியரும் முதலிற் கேட்கும் கேள்விகள் இக்கதையில் எவராலும் கேட்கப்படவில்லை. மூக்கை அரிவோம் என்று அச்சுறுத்தப்பட்ட ஒருவர், மூக்கிழந்த ஒருத்தியைப் பற்றி எழுதுகையில், தம்மை அவள் இடத்தில் வைத்துக்கொள்ளவில்லை. அவளைக் கண்டு புன்னகைத்தும் கதிரையைத் தவிர்த்தும் நிற்கும் படித்த பெண்ணின் இடத்திலேயே வைத்துக்கொண்டார். அலிகார்ப் பாடசாலை உருவாக்க விரும்பிய பெண் அவளே. இரக்கம் உண்டு, துணிவும் ஓரளவு உண்டு. இருந்தும் அந்த ஒரு கதிரையில் அவளால் அமர முடியவில்லை.